உடையாத சிவப்பணு

அந்த அட்டையைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. பயப்படாதீங்க, பிடுங்கிக்க மாட்டேன். நானும் மருந்து சம்பந்தப்பட்டவதான், பார்மசி காலேஜ்ல டீச்சர். நீங்க பாட்டுக்குத் தண்ணி பாட்டிலைத் திறந்து ஒண்ணைப் பிச்சு வாயில போட்டீங்களா, அதைப் பார்த்ததும் என்னால சும்மா இருக்க முடியல. நினைச்சேன். ப்ரொப்ரனலால். படபடப்புக்குக் குடுத்திருப்பாங்க, இல்ல கை நடுக்கத்துக்கு. தைராய்டா? அதுக்கும் குடுப்பாங்க. நல்ல மாத்திரைதான், தைரியமாப் போடுங்க, டாக்டரைக் கேக்காம மட்டும் நிறுத்திடாதீங்க. ராத்திரியில கன்னாபின்னான்னு கனவு வருதா? அப்படியா, சிலருக்கு வரும். ஏன்னு சொல்றேன். எப்படியும் இங்க கூப்பிட நேரமாகும். எங்க வீட்டுக்காரர் அந்த ரிசல்ட் குடுக்கற கவுன்ட்டர்லதான் நிக்கிறார். அதோ, கட்டம் போட்ட சட்டை, முதுகு மட்டும் தெரியுது பாருங்க. ஜெயபாலன்னு பேரு.

எனக்குத்தான் ரத்தப் பரிசோதனை. நாலாவது மாசம். கல்யாணம் ஆகி ஒம்பது வருஷம் கழிச்சு நின்ன குழந்தை. அது நல்லபடியாப் பிறக்குமா இல்லையான்னு இன்னிக்கு அந்தக் கவுன்ட்டர்லதான் தெரியப் போகுது. அதனாலதான் உங்ககிட்ட வாய் ஓயாமப் பேசறேன். வாய் ஓஞ்சா அழுதுடுவேன்.

கனவு கேட்டீங்கல்ல. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஒரு சவ்வு இருக்கு. அடிப்படையில அது கொழுப்பு. நீங்க போட்ட மாத்திரைக்கு எண்ணெய்னா உயிரு. ரத்தத்துல போகும்போது எங்க கொழுப்பைக் கண்டாலும் ஒட்டிக்கும், சவ்வுக்குள்ள நுழைஞ்சு உக்காந்துக்கும். மூளையிலயும் கொழுப்புதானே, அங்கயும் போயிடும், அதான் கனவு. இதுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், அட்டினலால்னு. அவனும் இதே வேலைதான் பார்ப்பான், நெஞ்சுத் துடிப்பை அடக்கற வேலை. ஆனா அவனுக்குப் பிடிச்சது தண்ணி. சவ்வு பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டான். வெளியிலயே நின்னு வேலையை முடிச்சுட்டு, கிட்னி வழியாக் கிளம்பிடுவான். மெட்டொப்ரலால் ரெண்டுக்கும் நடுவுல. ஒரே குடும்பம்தான், ஆனா குணம் வேற வேற.

அந்தக் குணத்தை அளக்கறதுதான் என் வேலை. என் பிஎச்.டி.யே அதுதான். ஆக்டனால்னு எண்ணெய் மாதிரி ஒரு திரவம், அதையும் தண்ணியையும் கண்ணாடிப் புனல்ல ஊத்தி, மருந்தைப் போட்டுக் குலுக்கணும். குலுக்கி வெச்சா ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சு நிக்கும். எண்ணெய்ப் பக்கம் மருந்து எவ்வளவு போச்சு, தண்ணிப் பக்கம் எவ்வளவு நின்னுச்சுன்னு பார்க்கணும். இவ்வளவுதான். தோள்பட்டை வலி உயிர் போகும். அந்த நாத்தம் புடவையை விட்டுப் போகாது, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருக்காங்க. வருஷக்கணக்காக் குலுக்கினேன். ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கல. ஒரு எண்ணு வரும், அதைப் பார்த்து யார் கை தட்டுவாங்க, சொல்லுங்க.

அப்ப வந்து சேர்ந்தா ஷெர்லின். மார்த்தாண்டத்துக்காரி. எங்க கைடு குணசீலன் சார் அவளையும் இதே மருந்துங்கள்லதான் போட்டார். நான் அளந்த எண்ணெய்க் குணத்துக்கும், இந்த மருந்துங்க நிஜ செல்லோட சவ்வுல பண்ற வேலைக்கும் பொருத்தம் இருக்கான்னு அவ பார்க்கணும். மனுஷ ரத்தத்துல இருக்கற சிவப்பணுதான் அவளுக்குச் செல். கிராப்புல கீழ் வரிசை என் எண்ணு, மேல ஏறறது அவ எண்ணு. அதாவது நான் இல்லாம அவ இல்ல. இதை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும், ஏன்னா எங்க காலேஜ்ல யாரும் ஞாபகம் வெச்சுக்கல.

அவ பண்றது பார்க்க அழகா இருக்கும், அது வேற. உப்புத்தண்ணியில ரத்தத்தைக் கலப்பா. உப்பைக் குறைச்சுக்கிட்டே போனா சிவப்பணு தண்ணியைக் குடிச்சு ஊதி ஊதி டப்புன்னு உடையும். உடைஞ்சா அந்த ட்யூப் ரோஸ்மில்க்குல பாலை எடுத்துட்ட மாதிரி தெளிவா, செக்கச்செவேல்னு ஆகிடும். உடையலன்னா கலங்கலாவே நிக்கும், பின்னால பேப்பர் வெச்சா எழுத்து தெரியாது. இப்ப அதுல ப்ரொப்ரனலால் கொஞ்சமாப் போட்டா, சவ்வுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு, செல்லை சீக்கிரம் உடைய விடாது. அதிகமாப் போட்டா அதுவே உடைச்சுடும். அட்டினலால் போட்டா ஒண்ணுமே ஆகாது, போட்டதும் ஒண்ணு போடாததும் ஒண்ணு. மைக்ராஸ்கோப்புல பார்த்தா இன்னும் வேடிக்கை. தட்டு மாதிரி இருக்கற செல் ப்ரொப்ரனலால் பட்டதும் கிண்ணம் மாதிரி குழிஞ்சுடும். உள்பக்கமாப் போய் உக்காருதுல்ல, அதனால வளைஞ்சுக்குது. அந்தப் படத்தைப் பெருசா பிரின்ட் போட்டு டிபார்ட்மென்ட் வாசல்லயே ஒட்டினாங்க. பிரின்சிபால் வந்து பார்த்தார். ஆபீஸ்ல இருக்கற டைப்பிஸ்ட் வந்து பார்த்தாங்க. சார் அவளைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினார். என் புனல் அங்கயே பக்கத்து மேசையில நின்னுச்சு. பொறாமைன்னு நினைக்காதீங்க. நான் நியாயத்தைச் சொல்றேன்.

ரத்தம் யார் குடுக்கறது? அதுதானே விஷயம். மனுஷ ரத்தம் எடுக்க அனுமதி குடுக்கற கமிட்டியில கையெழுத்து எல்லாம் வாங்கியாச்சு. புது ரத்தமா வேணும், நோய் இல்லாதவரா இருக்கணும், எந்த மாத்திரையும் சாப்பிடாதவரா இருக்கணும், ஒரே ஆளா இருந்தா நல்லது. எங்க ஸ்டாஃப்ல ஒருத்தருக்கு பிபி, ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒரு லேடி ஊசியைப் பார்த்தாலே மயங்கிடுவாங்க. ஹாஸ்டல் பசங்களை சார் வேண்டாம்னுட்டார். கடைசியில யார் கையை நீட்டினாங்கன்னா, எங்க வீட்டுக்காரர். அவரும் எங்க காலேஜ்தான், மெஷினுங்க எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுஷன், யார் என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லத் தெரியாது. என்கிட்ட மட்டும் சொல்லுவார்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலையில. அவர் முழுக்கைச் சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு உக்காருவார். அவ முழங்கைக்கு மேல ரப்பர் பட்டியைக் கட்டி, நரம்பைத் தடவித் தடவிப் பார்த்து, "சாருக்க கையில நரம்பு நல்லாத் தெரியுது"ன்னு சொல்லி ஊசி போடுவா. முடிஞ்சதும் பஞ்சை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்குவா. ஏங்க, பஞ்சை அவரே பிடிக்க மாட்டாரா? இன்னொரு கை என்ன முடமா? அப்புறம் ஊர்லருந்து கொண்டு வந்த மட்டிப்பழம் ரெண்டு குடுப்பா. எங்க வீட்ல வாழைப்பழத்தைத் தொட மாட்டார், சளி பிடிக்குதாம். அங்க உரிச்சு உரிச்சு சாப்பிடுவார். நான் பக்கத்து மேசையில புனலைக் குலுக்கிக்கிட்டே பார்ப்பேன். எத்தனை முறை குலுக்கினேன்னு எண்ணிக்கையே போயிடும்.

அந்த மருந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ ஞாபகம்தான். நைசா வீட்டுச் சவ்வுக்குள்ள நுழைஞ்சு, உக்காந்து, நம்ம மனுஷனையே வளைச்சுடறது. நான் அட்டினலால் மாதிரி வெளியில நின்னுக்கிட்டு வேலையை மட்டும் பார்க்கணும். வயிறு எரிஞ்சுச்சு. நிஜமாவே எரிஞ்சுச்சு, அசிடிட்டின்னு மாத்திரை போட்டேன். அப்புறம் பார்த்தா அது மசக்கை.

ஆமா, அப்பதான் தெரிஞ்சுது. ஒம்பது வருஷம் எத்தனை டாக்டர், எத்தனை கோயில், அதெல்லாம் பேச வேண்டாம். ரெண்டு கோடு பார்த்த அன்னிக்கு அவர் பாத்ரூம் கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கீழ உக்காந்துட்டார். அழுதார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி போய்க் கையை நீட்டினார் பாருங்க.

அதுக்கு அப்புறம்தான் ஷெர்லின் ஒரு மாதிரி ஆக ஆரம்பிச்சா. ஒரு நாள் நான் புனல் கழுவிக்கிட்டு இருக்கேன், அவ அவர்கிட்ட மெதுவாக் கேக்கறா, "சார், நீங்க ப்ரொப்ரனலால் எதாவது எடுக்கீங்களா? மறைக்காண்டாம் சார்." அவர் இல்லங்கறார். "வேற எந்த மாத்திரையாவது?" அதுவும் இல்லங்கறார். அதுலருந்து ரெண்டு பேரும் குசுகுசுன்னு ஆரம்பிச்சாங்க. நான் போனா பேச்சை நிறுத்திடுவாங்க. அவர் முகம் பேயடிச்ச மாதிரி ஆகிடுச்சு. சாப்பாடு இறங்கல. நான் என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல மங்கை, மெஷின் ஒண்ணு ரிப்பேர்ம்பார். என் பேரு மங்கையர்க்கரசி.

இவ என்ன பண்றா, என்கிட்ட வந்து ஒட்ட ஆரம்பிச்சா. "அக்கா, எந்த டாக்டர்கிட்ட காட்டுதீங்க? ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கு? ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா?" எனக்கு ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருந்தாங்க. அதை இவகிட்ட எதுக்கு சொல்லணும்? வயித்தையே பார்த்துக்கிட்டுப் பேசறா. கண்ணு வைக்கிறாளேன்னு வீட்டுக்குப் போய் உப்பும் மிளகாயும் எடுத்து நானே எனக்குச் சுத்திப் போட்டுக்கிட்டேன். இன்னொரு நாள் வந்து, "அக்கா, உங்க ரத்தம் கொஞ்சமே கொஞ்சம் தருவீங்களா, சாருக்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்"ங்கறா. "புருஷன் ரத்தம் போதலையா உனக்கு, பொண்டாட்டி ரத்தமும் கேக்குதா"ன்னு கேட்டுட்டேன். அவ கண்ணு தளும்பிடுச்சு. "அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான்"னு ஆரம்பிச்சா. எனக்கு நல்லது எதுன்னு நீ சொல்ல வேண்டாம்னு புனலைத் தூக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறமும் விடல. கேன்டீன்ல வந்தா, பஸ் ஸ்டாப்புல வந்தா. ஒவ்வொரு தரமும் நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். விஷயம் இருந்தா நேராச் சொல்லணும்ங்க. சுத்தி வளைச்சா எனக்கு எப்படித் தெரியும்?

நான் சும்மா இருப்பேனா. அவ கிளாஸ் எடுக்கப் போன நேரம் பார்த்து அவ ட்யூப் ஸ்டாண்டைப் பார்த்தேன். ஜே.பி.ன்னு எழுதின வரிசை, அவர் ரத்தம். மருந்து போட்ட ட்யூபுங்க கலங்கலா நிக்குது, சரி, அப்படித்தான் நிக்கணும். மருந்தே போடாத ட்யூபும் கலங்கலாவே நிக்குது. உப்பை நல்லாக் குறைச்ச தண்ணி, அதுல சாதாரண ரத்தம்னா உடைஞ்சு தெளிஞ்சிருக்கணும். இது உடையல. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. இந்த மருந்தை எனக்குத் தெரியும்ங்க, என்னைவிட யாருக்கும் தெரியாது. சிவப்பணு இப்படி அடம் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னா சவ்வுக்குள்ள ப்ரொப்ரனலால் உக்காந்திருக்கு. அப்ப இவர் மாத்திரை போடறார். எதுக்குப் போடறார்? நெஞ்சு படபடன்னு அடிக்குது, போடறார். யாரைப் பார்த்து அடிக்குது?

பாடப்படி பார்த்தா, மாத்திரையில போறது ரத்தத்துல ரொம்பக் கொஞ்சம், ட்யூப்ல நாம போடற அளவுக்குப் பக்கத்துல கூட வராது, அதுவும் செல்லைக் கழுவிட்டுத்தான் எடுப்பாங்க. அது எனக்கும் தெரியும். ஆனா எண்ணெய்ப் பைத்தியம் பிடிச்ச மருந்து, கழுவினா முழுசாப் போயிடும்னு யார் சத்தியம் பண்ண முடியும்? மறுநாள் காலையில அவர் காபி குடிக்கும்போது கையைப் பிடிச்சு நாடி பார்த்தேன். நிதானமா அடிச்சுது. பார்த்தீங்களா, மாத்திரை போட்டு அடக்கி வெச்சிருக்கார்னு நினைச்சேன். அதுக்கு முந்தின வாரம் பார்த்தப்ப வேகமா அடிச்சுது. அப்ப அது அவளை நினைச்சு. எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு ஒத்து வந்துச்சு.

சனிக்கிழமை எங்க டிபார்ட்மென்ட்ல கூட்டம் நடக்கும். ஆராய்ச்சி பண்றவங்க ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு, இந்த வாரம் என்ன ஆச்சுன்னு சார் முன்னாடி சொல்லணும், மத்தவங்க கேள்வி கேக்கலாம். அன்னிக்கு ஷெர்லின் ரொம்ப சுருக்கமாப் பேசி உக்காந்துட்டா. நான் எந்திரிச்சேன். "சார், ஒரு சந்தேகம். ரத்தம் குடுக்கற டோனர் மருந்து எடுக்கக் கூடாதுன்னு விதி. இவங்க டோனர் ப்ரொப்ரனலால் எடுக்கறார். மருந்தே இல்லாத ட்யூப்லயே மருந்து போட்ட மாதிரி காட்டுது, நான் கண்ணால பார்த்தேன். இது எத்தனை நாளா நடக்குது, இவங்க ஏன் மறைக்கறாங்க, கேளுங்க"ன்னேன். நல்லாத்தான் கேட்டேன். குரல் கூட நடுங்கல.

ஷெர்லின் எந்திரிச்சு, "அக்கா, இது இப்ப வேண்டாம். நம்ம தனியாப் பேசலாம். தயவுசெஞ்சு"ங்கறா. "தனியாத் தனியாப் பேசித்தான் இந்த லட்சணத்துல வந்து நிக்குது, எல்லார் முன்னாடியும் சொல்லு"ன்னேன். சார் கண்ணாடியைக் கழட்டிட்டு அவளைப் பார்க்கறார், என்னைப் பார்க்கறார். மூலையில எங்க வீட்டுக்காரர் ப்ரொஜெக்டர் வயரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அவர்தான் பேசினார். "மாத்திரை எதுவும் இல்ல சார். நான் தலசீமியா கேரியர். போன மாசம் வெளியில டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம்"னார்.

பண்ணிப் பார்த்தேன்னு சொல்லல. பண்ணிப் பார்த்தோம்னு சொன்னார்.

கேரியர்னா உங்களுக்கு எப்படிச் சொல்றது. தலசீமியா பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு, அதைப் பாதி சுமக்கறவங்க. சிவப்பணு பிறவியிலயே சின்னதா இருக்கும். உள்ள சரக்கு கம்மி, சவ்வு மட்டும் தாராளம். பெரிய பையில கொஞ்சூண்டு அரிசி போட்டு வெச்சா, இன்னும் ரெண்டு படி கொட்டினாலும் கிழியாது பாருங்க, அந்த மாதிரி. அதனால எவ்வளவு தண்ணி குடிச்சாலும் சீக்கிரம் உடையாது. ப்ரொப்ரனலால் எதுவும் இல்ல. ஒரு மருந்தும் இல்ல. இது ஒரு டாக்டரா இருந்தா முதல்ல தோணியிருக்கும். நாங்க மருந்துக்காரங்க, செல் ஒரு விதமா நடந்துக்கிட்டா மருந்தைத்தான் தேடுவோம். ஷெர்லினும் முதல்ல மருந்தைத்தான் தேடியிருக்கா, அவ ஒண்ணும் பெரிய புத்திசாலி இல்ல. ஒப்பிட வேற ஆள் ரத்தம் இல்லாததால ரொம்ப நாள் தெரியல, அப்புறம்தான் மைக்ராஸ்கோப்புல செல்லு சைஸைப் பார்த்து சந்தேகப்பட்டிருக்கா.

அவருக்கு அதனால ஒண்ணும் ஆகாது. ஆயுசுக்கும் நல்லா இருப்பார். மிஞ்சிப் போனா கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். ஆனா எனக்கும் அது இருந்தா, ரெண்டு பேரும் குடுத்துட்டா, பிள்ளை நோயோட பிறக்கலாம். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப் பிறந்தா மாசா மாசம் ரத்தம் ஏத்தணும், காலம் பூரா. அந்தச் சின்ன கையில மாசா மாசம் ஊசி. எனக்கு ரத்தம் கம்மின்னு சொன்னாங்கல்ல, அது வெறும் இரும்புச்சத்துக் குறைவா, இல்ல இதுவான்னு தெரியாது. அதைத்தான் பார்க்கக் குடுத்திருக்கோம். இன்னும் முன்னாடியே வந்திருக்கணும், இத்தனை வாரம் என்ன பண்ணினீங்கன்னு டாக்டர் திட்டினாங்க. ஷெர்லினைக் கேளுங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

அன்னிக்குக் கூட்டத்துல எனக்கு இதெல்லாம் எதுவும் தோணல. ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. அவருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஒம்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவ நான். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா குறட்டை விடுவார்னு எனக்குத் தெரியும். அவர் ரத்தத்துக்குள்ள இருக்கறது எனக்குத் தெரியல, நேத்து வந்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு டைப்பிஸ்டோட சேர்ந்து தெரியுது, ப்யூனோட சேர்ந்து தெரியுது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல மங்கை. ஒம்பது வருஷம் கழிச்சு இப்பதான் சிரிக்கற. அதை நான் எந்த வாயால கெடுப்பேன்? உனக்கு இல்லன்னு தெரிஞ்சுட்டா சொல்லவே வேண்டாமேன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணுதான் தினம் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, அக்காவுக்கு டெஸ்ட் எடுங்க, அக்காவுக்கு டெஸ்ட் எடுங்கன்னு. நான்தான் நானே சொல்றேன், நீ சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன்"னார். சத்தியம் வாங்கினாராம். எனக்கு அவர் கல்யாணத்துல பண்ணினதுக்கு அப்புறம் எந்த சத்தியமும் பண்ணல.

இன்னொண்ணு கேளுங்க. டோனருக்கு இப்படி இருக்குன்னா அந்த ரத்தத்துல பண்ணின வேலை எல்லாம் குப்பைக்குத்தான். ஒரு வருஷ வேலை. சார் அன்னிக்கே சொல்லிட்டார், ஆரோக்கியமான ரத்தத்துல மறுபடி முதல்லருந்து பண்ணணும்னு. ஷெர்லினுக்கு ஸ்காலர்ஷிப் முடியப் போகுதாம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவளுக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும், அந்த வேலை வீணாப் போச்சுன்னு. சார்கிட்டச் சொல்லி அப்பவே வேற டோனரைப் பார்த்திருக்கலாம்ல. சொன்னா இவர் விஷயம் வெளிய வந்துடும்னு வாயை மூடிக்கிட்டு, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சும்மாவே ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒப்புக்கு ட்யூப்ல போட்டு வெச்சு, அப்புறம் சிங்க்ல கொட்டியிருக்கா. எதுக்கு? என்ன அக்கறை அவளுக்கு எங்க மேல? நீங்களே சொல்லுங்க, சும்மா ஒருத்தி இவ்வளவு பண்ணுவாளா? ஏன் சிரிக்கறீங்க?

என் வேலையும்தான் நின்னு போச்சு. கீழ் வரிசை எண்ணு மட்டும் இருக்கு, மேல ஏற ஒண்ணுமில்ல.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா. தெரியாதவங்கதானே நீங்க. காலையில ஆட்டோவுல வரும்போது ஒரு நிமிஷம் எனக்குத் தோணுச்சு, எனக்கும் அது இருக்கட்டும்னு. அவருக்கு இருக்கறது எனக்கும் இருந்தா, அது எங்க ரெண்டு பேருக்கு நடுவுல. அதுல அவளுக்கு இடமே கிடையாது. அடுத்த நொடியே வயித்துல கையை வெச்சுக்கிட்டேன். இப்படி ஒரு நினைப்பு எந்தத் தாய்க்காவது வருமா? எனக்கு வந்துச்சு. ஆட்டோவுல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் கையை எடுக்கல பாருங்க. சாமி, எனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளை மட்டும் நல்லா இருந்தாப் போதும்.

அவர் திரும்பறார். பேப்பர் கையில இருக்கு. முகத்தைப் பாருங்க, ஒண்ணுமே தெரியல. இந்த மனுஷன் முகத்துல என்னிக்குத்தான் எது தெரிஞ்சுது. ஏங்க, உங்க கையைக் கொஞ்சம் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்.

என்ன சொன்னாங்க? என்னங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. சரியாப் படிச்சீங்களா? குடுங்க இங்க, நானே பார்க்கறேன். இது என் பேருதானே. வயசு சரியா இருக்கு.

இல்லையாம்ங்க. எனக்கு இல்லையாம். இரும்புச்சத்துதான் கம்மியாம், மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிடுமாம். குழந்தை அவர் மாதிரி வெறும் கேரியரா வந்தாலும் வரலாம், அது ஒண்ணும் பண்ணாது. அது பிழைச்சுக்கும். நீங்க உக்காருங்க, என்னங்க நீங்களும் அழறீங்க, படபடப்புக்கு மாத்திரை போட்டவங்க.

பாருங்க, இவர் போனை எடுக்கறார். எதுக்குங்க இப்ப? யாருக்கு? அது எனக்குத் தெரியும். குடுங்க. நான்தான் சொல்லுவேன், நீங்க சொல்லக் கூடாது. குடுங்கன்னா குடுங்க.

ஷெர்லின், அக்கா பேசறேன். சார் இல்ல, நான்தான். எனக்கு இல்ல. ஆமா, ரிப்போர்ட் கையில இருக்கு. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. கேக்குதா? இந்தா பாரு, நான் சொல்றதைக் கேளு. உனக்கு நல்ல ரத்தம் வேணும்ல. எங்க தம்பி இருக்கான் ஆத்தூர்ல, குண்டுக்கல்லு மாதிரி இருப்பான், முதல்ல அவனுக்கு எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துக்கோ. சரியா இருந்தா வாரா வாரம் நான் கூட்டிட்டு வரேன். எனக்குப் பிரசவம் ஆகி உடம்பு தேறட்டும், அப்புறம் என்கிட்டயும் எடுத்துக்கோ, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ. ஆனா இவர் கையை மட்டும் இனிமே நீ தொடக் கூடாது, சொல்லிட்டேன். பஞ்சு கூட வைக்கக் கூடாது. ஷெர்லின்? என்னடி சத்தம் அது? ஏய், எதுக்கு அழற? அழாதடி. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றேன்ல.

ஏங்க, இதைக் கேளுங்க, இப்படிக் காதுல வெச்சுக் கேளுங்க. என் பிள்ளைக்கு அவ அழறா. என்னைவிட அதிகமா அழறா.